பூச்சிக்காளைக்குத் தாய் எது?

காங்கயம் கன்றுகள் செவலையாகத்தான் பிறக்கும். ஆறு மாதம் போல ஆனால்தான் சிவப்பு மாறி மயிலை தெரியும். அதனால் எந்தக் காளங்கன்றைக் காயடிப்பது, எதைப் பூச்சிக்காளையாக, அதாவது பொலிகாளையாக, விடுவது என்று கொங்குப் பக்கம் யாரும் அவசரப்பட்டு முடிவு செய்வதில்லை. பசு வருடத்துக்கு ஒரு கன்று போட்டாலே பெரிது. காளை ஒன்று 40, 50 பசுக்களைச் சினையாக்கிவிடும். அதன் குறை அத்தனை கன்றுகளிலும் இறங்கும்.

நான் போயிருந்த கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலிக்குள், மாடுகள் கொழுக்கட்டைப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. ரெண்டு பல் போட்ட இளங்காளைகள் இரண்டு. ஒன்று திமிலிலும் தொடையிலும் கருப்பு இறங்கிய நல்ல கருமயிலை. மற்றது வெளிறிய நிறம், கொம்பும் சுமார். மாட்டுக்காரப் பெரியவரிடம் கருமயிலையைக் காட்டினேன்.

"முன்னாடி நின்னா கொம்புதான் கண்ணுக்குத் தெரியும். பின்னாடி வந்து நில்லு."

இரண்டையும் நடக்கவிட்டார். வெளிறியதன் பின்னங்குளம்பு முன்னங்குளம்பு பதிந்த தடத்திலேயே விழுந்தது. கருமயிலையின் பின்னங்கால்கள் முட்டியில் லேசாக உள்வாங்கின. பிறகு விதைகளைக் கையால் தடவி, இரண்டும் ஒரே அளவா என்று பார்த்தார். இறைச்சிக்கு மாடு வளர்க்கும் நாடுகளில் இதையே நாடா வைத்து அளக்கிறார்கள். அங்கே பல இனங்களில் 15 மாதக் காளைக்கு விதைப்பைச் சுற்றளவு 30 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும்.

"இப்ப ரெண்டோட ஆத்தாளையும் பாத்துப்போடலாம்."

கருமயிலையின் தாய் பார்வைக்கு லட்சணமான பசு. ஆனால் ஒவ்வொரு ஈத்துக்கும் இடையில் இரண்டு வருடத்துக்குமேல் இழுத்திருக்கிறது. மற்றதன் தாய்க்கு இது ஐந்தாம் ஈத்து, எதுவும் தள்ளிப்போனதில்லை. நாலு காம்பும் ஒரே அளவு, மடி தளரவில்லை. கோடையில் புல் காய்ந்த பிறகும் வெள்வேலங்காயைத் தின்றே உடம்பை வைத்துக்கொள்ளுமாம். இந்தக் குணங்கள் காளையின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாது. அதன் மகள்களில்தான் வெளிப்படும். தாயைப் பார்ப்பது அதற்காகத்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு அவரோடு ஒப்புதல் இல்லை. சுழி. ஏறுபூரான் என்னும் சுழி இருந்தால் விலை ஏறுகிறது, இறங்குபூரானோ பாடைச் சுழியோ இருந்தால் சந்தையில் சீந்துவாரில்லை. தோலில் மயிர் சுழன்றிருப்பதற்கும் கால் பலத்துக்கும் சம்பந்தமே கிடையாது. நல்ல பொலிகாளைகள் அருகிவரும் இந்தக் காலத்தில் சுழிக்காக ஒன்றைக் காயடிப்பது நெஞ்சை அறுக்கிறது.

இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தியவர் என்று பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரைச் சொல்வார்கள். அன்றைக்கு அளவுகோல் தெளிவாக இருந்தது: ஏர் உழ வேண்டும், கவலை இறைக்க வேண்டும், பாரவண்டி இழுக்க வேண்டும். வேலையே சொத்தைக் காளையைக் கழித்துக்கட்டியது. மோட்டாரும் டிராக்டரும் வந்தபின் அந்தச் சோதனை போய்விட்டது. இப்போது வாங்க வருகிறவர்கள் நிறத்தையும் கொம்பையும் பார்க்கிறார்கள். பார்வைக்காகவே தேர்ந்தெடுத்துக்கொண்டு போனால் இன்னும் சில தலைமுறையில் அழகான, சினை நிற்காத மாடுகள்தான் மிஞ்சும். தவறாமல் ஈனுவது, வறட்சி தாங்குவது, கன்றுக்குப் போக வீட்டுக்கும் கொஞ்சம் பால் தருவது, இவைதான் இன்றைய அளவுகோலாக வேண்டும்.

கருமயிலைக்கு நல்ல விலை கேட்கிறார்கள், பெரியவர் கொடுத்துவிடப் போகிறார். வெளிறியதுதான் பூச்சிக்காளை. அதுவும் நிரந்தரமாக இல்லை. அதன் கிடாரிகள் பருவத்துக்கு வருவதற்குள் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் அப்பனே மகளோடு சேர்ந்துவிடும். தாராபுரம் பக்கத்துப் பட்டி ஒன்றில் காளை மாற்றிக்கொள்ளப் பேசியிருக்கிறார். அவர்கள் முதலில் காட்டிய காளையின் தாய், மூன்றாம் ஈத்துக்குப்பின் ஒரு வருடம் சினை நிற்காமல் இருந்திருக்கிறது. அதே பட்டியில் வேறொன்றைக் கேட்டிருக்கிறார்.