கூடிக் கப்பலேறும் முன்



மும்பை, தில்லி, பெங்களூரு போன்ற பட்டணங்களில் பிழைப்பின் நிமித்தம் குடியேறிய நம் குடும்பங்களுக்குள்ளே அண்மைக் காலமாக ஒரு புதிய ஆசை எழும்பியிருக்கிறது. எல்லாருமாகச் சேர்ந்து ஒருமுறை கப்பலில் போய் வந்தால் என்ன என்பதே அது. அண்ணன் குடும்பம் முலுண்டில், தங்கை குடும்பம் புனேயில், பெற்றோர் நாசரேத்திலோ நாகர்கோவிலிலோ. ஒரு திருமணத்திலும் ஓர் அடக்க ஆராதனையிலும் மட்டுமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். கப்பலில் ஏறிவிட்டால் சமையல் இல்லை, தினந்தோறும் பெட்டியைக் கட்டி அவிழ்க்கிற அலைச்சல் இல்லை. பாட்டி முதல் பேரன் வரை ஒரே கூரையின்கீழ் மூன்று நான்கு நாட்கள் இருக்கலாம். ஆசை நல்லதுதான். ஆனால் இரயிலில் மனஸ்தாபம் வந்தால் அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம்; நடுக்கடலில் அது கூடாது. ஆகையால் கரையிலேயே பேசித் தீர்க்க வேண்டியவை சில உண்டு. அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம் முன்னோர் கப்பலை அறியாதவர்கள் அல்லர். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற 'ரஜூலா'வில் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் உங்களில் பலர் இருக்கக்கூடும். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலுக்குப் பின்பு 'எம்.வி. சிதம்பரம்' அதே வழியில் ஓடியது. 1985-இல் நேரிட்ட தீவிபத்தோடு அந்தப் பயணமும் நின்றது. அவர்கள் வேலை தேடிப் போனார்கள். நாம் இளைப்பாறப் போகிறோம். வித்தியாசம் பெரியது; செலவும் அப்படியே.

இன்று நம் நாட்டிலிருந்தே புறப்படும் உல்லாசக் கப்பல்களில் பலரும் அறிந்தது கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்'. 1990-இல் பிரான்சு தேசத்தில் கட்டப்பட்டு, பல பெயர்களோடு பல கடல்களில் ஓடிய கப்பல் அது. ஏறக்குறைய 210 மீட்டர் நீளமும் 11 தளங்களும் உடையது. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து தன் பயணத்தைத் தொடங்கியது. மும்பையிலிருந்து கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று அதன் வழிகள் அமைந்திருக்கின்றன.

முதலில் காலத்தைத் தீர்மானியுங்கள். அப்போஸ்தலருடைய நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பருவம் தவறிவிட்டது என்று பவுல் எச்சரித்தும், நூற்றுக்கு அதிபதி கப்பல் எஜமானின் பேச்சையே நம்பினான். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். நமது மேற்குக் கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அக்டோபரில் கடல் அடங்கினாலும், அரபிக்கடலில் புயல் உருவாகும் காலங்கள் இரண்டு: மே, ஜூன் மாதங்கள் ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை மற்றொன்று. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒகிப் புயலைக் குமரி மாவட்டத்தார் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள். அதே புயல்தான் பின்பு லட்சத்தீவையும் தாக்கியது. நவீனக் கப்பல் புயலை முன்னரே அறிந்து விலகிப்போகும் என்பது உண்மையே. எனினும் விலகிப்போனால் நீங்கள் பார்க்க நினைத்த தீவும் விலகிப்போகும். தீபாவளி விடுமுறை பள்ளிப் பிள்ளைகளுக்கு வசதி, ஆனால் கட்டணம் உயர்ந்திருக்கும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஆராதனைகளை விட்டு நம்மில் யார் வருவார்? பிப்ரவரி வந்தால் பரீட்சை. எப்படிப் பார்த்தாலும் ஜனவரியே நமக்குப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

இப்பொழுது பணத்தைக் குறித்துப் பேச வேண்டும். இதில்தான் குடும்பங்கள் உடைகின்றன.

முதற்கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்குவது நம் வழக்கம். அது நன்று. ஆனால் அதன்பின் காகிதமும் பேனாவும் வெளியே வர வேண்டும். விளம்பரத்தில் காணும் தொகை ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் கட்டணம். அதன்மேல் துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி ஆகியவை ஏறும். கப்பலில் ஏறிய பின்பு குளிர்பானம், கரையில் சுற்றிப் பார்க்கும் பேருந்து, புகைப்படம் எல்லாம் தனிக் கணக்கு. எனவே விளம்பரத் தொகையைச் சொல்லி யாரிடமும் சம்மதம் வாங்காதீர்கள். எல்லாவற்றையும் கூட்டி வரும் கடைசித் தொகையைச் சொல்லுங்கள்.

அந்தத் தொகையைச் சொன்னவுடன் கூட்டத்தில் ஒரு சகோதரர், "எனக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது" என்பார். அவருக்கு லீவு கிடைக்கும். மகளுடைய கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. அதைப் பத்துப் பேர் நடுவில் சொல்ல அவரால் முடியவில்லை. ஆதலால் தொகையைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். எல்லாரும் நம்பும் ஒருவர், பெரும்பாலும் ஒரு மூத்த சகோதரி, ஒவ்வொரு வீட்டாரிடமும் தனித்தனியே பேசி, "உங்களால் எவ்வளவு முடியும்?" என்று கேட்டு வரட்டும். அவற்றுள் மிகக் குறைந்த தொகை எதுவோ, அதைக்கொண்டே பயணத்தை அமையுங்கள். ஐந்து இரவு முடியாவிட்டால் இரண்டு இரவு. பால்கனி உள்ள அறை முடியாவிட்டால் ஜன்னல் இல்லாத உள்ளறை. கடல் மேல்தளத்தில் எல்லாருக்கும் இலவசம்தானே! ஒரே குடும்பத்தில் அண்ணன் பெரிய சூட் அறையிலும் தம்பி உள்ளறையிலும் தங்கினால், மனைவிமாரின் முகத்தில் அது முதல் நாளே தெரிந்துவிடும். வசதியுள்ளவர்கள் இதில் சற்று இறங்கி வரவேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. இருவர் தங்கும் அறையில் ஒருவர் கடைசி நேரத்தில் விலகினால், மற்றவர் ஏறக்குறைய இருவர் கட்டணத்தையும் சுமக்க நேரிடலாம். விதவையான அத்தை, திருமணமாகாத சித்தப்பா போன்றவர்களை யாரோடு சேர்ப்பது என்று முன்னதாகவே அவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பெயர்ப்பட்டியல் எழுதுகிறவர் தம் விருப்பப்படி தள்ளிவிடக் கூடாது. நால்வர் தங்கும் அறை மலிவு. ஆனால் அதன் மேல்படுக்கைகளுக்கு ஏணி ஏற வேண்டும். பாட்டியையும் பேரனையும் அங்கே சேர்த்தால் பேரன் மேலே போகட்டும்.

உலகின் பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவற்றில், 8 அறைகள், அதாவது 16 பேர், சேர்ந்தால் அதைக் குழுவாகக் கணக்கிட்டு, ஒருவருடைய அடிப்படைக் கட்டணத்திற்கு ஈடான சலுகை தருவது வழக்கம். உங்கள் கப்பலிலும் உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால், அது யாருக்கு என்பதை எல்லார் முன்பாகவும் அறிவித்துவிடுங்கள். ஏற்பாடு செய்கிறவர் மறைவாக எடுத்துக்கொண்டால் அது ஒருநாள் வெளிப்படும். அதன்பின் அவர் சபையில் எந்தக் கணக்கும் எழுத இயலாது. கட்டணம் செலுத்த முடியாத ஒருவரை அதைக்கொண்டு அழைத்துச் சென்றால் எவ்வளவு நலம்! சீட்டுப் போடுவதுபோல மாதந்தோறும் சேர்ப்பது நல்ல வழி. பணம் இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில் இருக்கட்டும். ரத்து செய்தால் எந்தத் தேதிக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்ற பட்டியலை அச்சிட்டு வீட்டுக்கு வீடு கொடுங்கள்.

பணத்துக்கு அடுத்தபடி முழங்கால். இதை நான் வேடிக்கைக்காக எழுதவில்லை. லட்சத்தீவில் பத்துத் தீவுகளில் மட்டுமே மக்கள் வாழ்கிறார்கள். நிலமெல்லாம் சேர்த்தாலும் ஏறக்குறைய 32 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை வேலிபோல் நிற்க, அதற்குள்ளே கண்ணாடி போன்ற ஆழமற்ற நீர், பச்சையும் நீலமுமாகப் பரந்து கிடக்கிறது. அந்த அழகைப் பார்க்கத்தான் போகிறோம். அந்தப் பவளப்பாறையினாலேயே பெரிய கப்பல் கரையை நெருங்க இயலாமல் வெளியே நங்கூரமிடுகிறது. அங்கிருந்து சிறு படகில் மாறித்தான் கரைக்குச் செல்ல வேண்டும். கப்பல் ஒரு பக்கம் அசையும், படகு ஒரு பக்கம் எழும்பித் தாழும். மாலுமிகள் இருபுறமும் கையைப் பிடித்து, அலை உயரும் கணத்தில் "இப்பொழுது" என்பார்கள். வாலிபருக்கு அது விளையாட்டு. சேலை உடுத்திய, மூட்டுவலியுள்ள, எழுபது வயதுத் தாயாருக்கு அது விளையாட்டு அல்ல. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இயலாத காரியம்.

ஆகவே உங்கள் குழுவில் அப்படிப்பட்ட இருவர் மூவர் இருந்தால் கோவா அல்லது கொச்சி வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே கப்பல் துறைமுகத்திலேயே கட்டப்படும், பாலத்தின் வழியாக நடந்து இறங்கலாம். கோவாவில் கப்பல் நிற்பது மர்மகோவா துறைமுகத்தில். பழைய கோவாவின் தேவாலயங்கள் அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவு என்பதால், வண்டியை முன்னமே பேசி வைக்க வேண்டும். கொச்சியில் வெலிங்டன் தீவில் இறங்கினால் கோட்டைக் கொச்சிக்கு அதிக தூரமில்லை. 1524-இல் மரித்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம்பண்ணிய புனித பிரான்சிஸ் ஆலயம் அங்கே இருக்கிறது. முதியோரைக் கப்பலிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் தீவுக்குப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். அம்மாவை அழைத்து வந்ததே அதற்காகவா? அப்படித்தான் நடக்குமென்றால் அவர்களிடம் வீட்டிலேயே சொல்லிச் சம்மதம் கேளுங்கள்.

கர்ப்பிணிகளைக் குறித்தும் ஒரு வார்த்தை. பயணம் முடியுமுன் 24 வாரம் நிறைவுறுமானால் கப்பல் நிறுவனங்கள் பொதுவாக ஏற்றுவதில்லை. ஆறு மாதத்திற்குட்பட்ட கைக்குழந்தைகளுக்கும் அப்படியே. பணம் கட்டுமுன் உங்கள் கப்பலின் விதியைக் கேளுங்கள். தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் அறை வாங்குங்கள். அங்கே ஆட்டம் குறைவு.

லட்சத்தீவுக்குச் செல்ல நம் நாட்டவருக்கும் அரசின் நுழைவு அனுமதி தேவை. அதற்கான ஏற்பாட்டைக் கப்பல் நிறுவனமே செய்கிறதா என்று உறுதிசெய்து, அடையாளச் சான்றிதழ்களில் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். நம்மவர்களுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று! அங்கே வாழ்கிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் இஸ்லாமியர். சுற்றுலாவுக்கென்று பெற்ற அனுமதி சுற்றுலாவுக்கே. கைப்பிரதிப் பையை வீட்டில் வைத்துவிட்டு, நல்ல விருந்தாளிகளாய் நடந்துகொள்வோம். கண்ணியமான உடை அவசியம். பவளத் துண்டுகளைப் பிள்ளைகள் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளாதபடி கவனியுங்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. நம் வீட்டுக் குழம்பில் போடும் மாசிக் கருவாட்டுக்குப் பேர்போன மினிக்காய் இந்தத் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில்தான் இருக்கிறது.

கப்பலில் மதுக்கடையும் சூதாட்டக் கூடமும் உண்டு. அதைக் காரணமாக்கிப் போகவே கூடாது என்பாரும் உண்டு. நாம் வாழும் பட்டணத்திலும் அவை இல்லாமலில்லை என்பாரும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் இதைக் குறித்து இடறலடைவோர் உங்கள் குழுவில் இருந்தால், மறைத்து அழைத்துப் போகாதீர்கள். கப்பல் எப்படியிருக்கும் என்று உள்ளபடி சொல்லுங்கள். வரலாமா வேண்டாமா என்று அவர்களே தீர்மானிக்கட்டும்.

புறப்படும் நாள் ஞாயிறு என்றால், மும்பைவாசிகளுக்கு மெகா பிளாக்கை நினைப்பூட்ட வேண்டியதில்லை. புறநகர் இரயிலை நம்பாமல் வண்டி ஏற்பாடு செய்து, பல்லார்ட் பியருக்கு முற்பகலிலேயே சேர்ந்துவிடுங்கள். கப்பலின் கதவு குறித்த நேரத்தில் அடைபடும். பிந்தி வந்த மைத்துனருக்காகத் திறக்காது.

ஏறியவுடன் எல்லாரையும் ஒன்றுகூட்டி ஆபத்துக்காலப் பயிற்சி நடத்துவார்கள். 2012-இல் இத்தாலியின் கரையோரத்தில் 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் மாண்டார்கள். அன்று ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதன்பின்பு, புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே பயிற்சி நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி திருத்தப்பட்டது. ஆதலால் அந்நேரம் செல்ஃபி எடுக்கும் வாலிபரை இழுத்து வந்து நிறுத்துங்கள். ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு வாலிபரைப் பொறுப்பாக்குங்கள்.

கப்பல் நகர்ந்ததும் மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். வலப்புறம் கொலாபா மெல்ல விலகும். அதன் தென்முனையில், 1875-இல் கட்டப்பட்ட பிராங்ஸ் கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் தனியே நிற்பதைக் காணலாம். வருடக்கணக்காய் இப்பட்டணத்தில் நெரிசலில் நின்று வேலைக்குப் போனவர்களுக்கு, அது சிறுத்துப்போவதைப் பார்ப்பதில் ஒரு தனி ஆறுதல் உண்டு. கைபேசியை விமான நிலையில் வையுங்கள். கரை மறைந்தபின் கப்பலின் இணைப்பில் பேசினால் பில் தாங்காது. அதனால் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்னமே வாயால் சொல்லிக்கொள்ள வேண்டும். இராப்போஜனம் மட்டும் எல்லாரும் சேர்ந்து உண்டால் போதும். மற்ற நேரம் அவரவர் விருப்பத்திற்கு விட்டுவிடுங்கள். இருபது பேரை மூன்று நாள் ஒரே இடத்தில் உட்காரவைத்து நடத்த அது சபைக் கூட்டமல்ல.

கடைசி இரவில் பெரிய பைகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்லும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு, அவர்களே இறக்கிவிடுவார்கள். அதற்கு முன்பு தாத்தாவின் காலை மாத்திரையையும், எல்லாருக்கும் மறுநாள் உடுத்த ஒரு ஜோடி உடையையும் கைப்பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.