முகம் காட்டாத கை



நூறாண்டுகளுக்கு முந்திய ஓர் அமெரிக்கக் காதல் நகைச்சுவைப் படத்தைப் பற்றி, அதுவும் பேச்சே இல்லாத ஊமைப் படத்தைப் பற்றி நம் குடும்பங்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் வியக்கலாம். ஆயினும், 1919-இல் வெளிவந்த ‘டாடி லாங் லெக்ஸ்’ படத்தைப் பார்த்தது முதல் என் மனம் அதிலுள்ள காதலில் நிற்கவில்லை. அதன் தொடக்கத்தில் வரும் அனாதை நிலையத்திலேயே நிற்கிறது.

ஜீன் வெப்ஸ்டர் என்னும் பெண்மணி 1912-இல் எழுதிய நாவலே இப்படம். கதாநாயகி ஜெருஷா அப்பட் ஓர் அனாதை. அவளுடைய பெயரில் பாதி தொலைபேசிப் புத்தகத்தின் முதற்பக்கத்திலிருந்தும், மறுபாதி ஒரு கல்லறைக் கல்லிலிருந்தும் எடுக்கப்பட்டவை! நிலையத்தின் நிர்வாகிகளுள் ஒருவர் அவளுடைய எழுத்துத் திறமையைக் கண்டு, தம் பெயரை மறைத்துக்கொண்டு கல்லூரிக்கு அனுப்புகிறார். கைச்செலவுக்கு மாதம் 35 டாலர். மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும்; அதில் நன்றி கூறலாகாது; பதிலும் வராது. அவள் கண்டதெல்லாம் சுவரில் விழுந்த அவருடைய நீண்ட கால்களின் நிழலை மட்டுமே. ஆகவே அவருக்கு ‘நெட்டைக்கால் அப்பா’ என்று பெயரிடுகிறாள்.

நாவல் பெரும்பாலும் அவளுடைய கடிதங்களே. அனாதை நிலையத்தை ஆசிரியை சில பக்கங்களில் முடித்துவிடுகிறார். படமோ ஏறத்தாழப் பாதி நேரம் அங்கேயே தங்கிவிடுகிறது. 27 வயதான மேரி பிக்ஃபோர்டு சிறுமியாகத் துள்ளுகிறார். வேளை தவறாமல் உலர்ந்த பிளம் பழத்தையே போடுகிறார்கள் என்று பிள்ளைகளைத் திரட்டிப் போராட்டம் நடத்துகிறார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புத் தாளாது. அடுத்து, செல்வச் சிறுமி ஒருத்தியின் பொம்மையைத் திருடி, மரணப் படுக்கையில் கிடக்கும் ஒரு குழந்தையிடம் கொடுக்கிறார். அங்கே சிரிப்பு நின்றுவிடுகிறது. தந்தையை இழந்த பிள்ளையே நம் வழக்கில் யதீம். பிக்ஃபோர்டும் சின்னஞ்சிறு வயதில் தந்தையை இழந்து, மேடையேறிச் சம்பாதித்தவர்தாம். அந்தக் கண்களுக்கு வசனம் எதற்கு?

நாவலில் ஓரிடம் என்னை உறங்கவிடவில்லை. தருமமாக வந்த பழைய உடைகளை அணிந்து பள்ளிக்குச் செல்லும் ஜெருஷாவுக்கு ஒரே அச்சம்: இந்த உடைக்கு முன்பு சொந்தக்காரியாயிருந்தவளின் அருகிலேயே தன்னை உட்கார வைத்துவிடுவார்களே!

சகோதரிகளே, ஓர் ஊரில் யதீம் பிள்ளைகளுக்குப் பெருநாள் உடை வழங்கும் விழாவுக்குச் சென்றிருந்தேன். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் பெயரையும் ஒலிபெருக்கியில் அழைத்து, கொடுத்தவருடன் படம் எடுத்தார்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் படம் எடுக்கும்போது தலையைக் குனிந்துகொண்டான். நிமிரச் சொல்லி மறுபடியும் எடுத்தார்கள்.

மறைவாகக் கொடுக்கும் ஸதகாவின் சிறப்பை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இக்கதையின் செல்வரும் மறைவாகவே கொடுத்தார். ஆனால், அதிலும் ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது. அவள் எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் அவர் படிக்கிறார். அவளுக்கோ அவருடைய முகம்கூடத் தெரியாது. அவர்தாம் உடன் படிக்கும் தோழியின் சித்தப்பா ஜெர்விஸ் என்பதையும் அவள் அறியாள். கோடை விடுமுறையில் மற்றொரு தோழி தன் குடும்பத்தோடு தங்க அழைக்கிறாள். அத்தோழிக்கு ஓர் அண்ணன் உண்டு. போகக் கூடாது, பண்ணை வீட்டுக்கே செல்ல வேண்டும் என்று செயலாளர் வழியே ஆணை வருகிறது. காசு கொடுத்தவருக்கு இந்த உரிமை எங்கிருந்து வந்தது? கதை இதைக் காதல் பொறாமை என்று சிரித்துக் கடந்துவிடுகிறது. என்னால் அப்படிக் கடக்க இயலவில்லை.

நல்லவேளை, ஜெருஷாவாலும் இயலவில்லை. தொப்பி வாங்க அவர் அனுப்பிய 50 டாலர் காசோலையைத் திருப்பி அனுப்புகிறாள். அவர் தடுத்தும் கல்லூரியின் உதவித்தொகையை ஏற்கிறாள். ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன் என்று ஆசை காட்டியபோதும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்கப் போய்விடுகிறாள். பின்னர் அவள் எழுதிய நாவலுக்குப் பணம் வந்ததும், இன்னும் முகம் தெரியாத அம்மனிதருக்கு ஆயிரம் டாலர் காசோலையை அனுப்பி வைக்கிறாள்.