மை இல்லாத பில்

உங்க பாக்கெட்ல ஏடிஎம் ஸ்லிப்போ, சூப்பர் மார்க்கெட் பில்லோ இருக்கா? எடுத்து அதோட வழவழப்பான பக்கத்தை நகத்தால வேகமா கீறிப் பாருங்க. கறுப்பா ஒரு கோடு விழும். அந்த பில்லை அடிச்ச மெஷின்லயும் மை கிடையாது. சூடாகிற ஒரு ஹெட் மட்டும்தான். நிறம் தாளுக்குள்ளேயே தூங்கிட்டு இருக்கு.

சாயம்னா துணிக்குப் போடுறதுன்னுதான் நினைப்போம். ஆனா சில சாயங்களுக்கு அழகு காட்டுவது வேலை இல்லை. வெப்பம், ஒளி, மின்சாரம் என்று ஏதாவது பட்டால் அதற்குப் பதில் சொல்வதுதான் வேலை. இவற்றை ஃபங்ஷனல் டை என்கிறார்கள். சிடி-ஆரில் லேசர் எழுதுவது ஒரு சாயப் படலத்தில். 1991-ல் ஓ'ரீகனும் கிராட்செலும் வெளியிட்ட சூரிய மின்கலத்தில் வெளிச்சத்தைப் பிடிப்பதும் சாயம்தான்.

பில் தாளில் இருப்பது லியூகோ சாயம். அதன் மூலக்கூறில் ஒரு லாக்டோன் வளையம் மூடியிருக்கும். நடுக் கார்பன் எஸ்பி3 என்பதால் காஞ்சுகேஷன் அங்கேயே அறுந்துபோகும், நிறம் தெரியாது. பக்கத்திலேயே டெவலப்பர் என்ற மென் அமிலம் காத்திருக்கும். சூடு பட்டதும் இரண்டும் உருகிக் கலக்கும், வளையம் திறக்கும், கார்பன் எஸ்பி2 ஆகும், காஞ்சுகேஷன் நீளும். எழுத்து தெரியும். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில் மனப்பாடம் செய்தோமே, அதேதான்!

இதுவரை எனக்கு ஜாலியாத்தான் இருந்தது. டெவலப்பர் என்னன்னு படிச்சதும் எங்க அக்கா ஞாபகம் வந்துச்சு. அவ ஒரு கடையில பில்லிங் கவுன்ட்டர்ல நிக்கிறா. நாள் முழுக்க பில் கிழிச்சுக் கொடுக்கிறதுதான் வேலை.

ரொம்ப காலமாக டெவலப்பராகப் பயன்பட்டது பிஸ்பீனால் ஏ. அது உடம்பில் ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடிக்கக்கூடியது. பிளாஸ்டிக்கில் பாலிமராகப் பிணைந்திருக்கும். இங்கே தனியாக, மேல்பூச்சிலேயே இருப்பதால் கையில் ஒட்டும். சானிடைசர் தடவிய கையில் இன்னும் அதிகமாக இறங்கும். ஐரோப்பிய யூனியன் 2020 ஜனவரி முதல் இந்தத் தாளில் அதை எடையில் 0.02 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்திவிட்டது. பதிலுக்கு வந்த பிஸ்பீனால் எஸ் அதற்கு நெருங்கிய சொந்தக்காரன். அதன்மேலும் இதே சந்தேகம் இருக்கு.

"பேப்பர்ல என்னடா இருக்கப் போகுது?"ன்னு அக்கா சிரிச்சா. அவ கவுன்ட்டர்ல சானிடைசர் பாட்டிலும் பில் ரோலும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ரோல் அட்டையில் அகலமும் நீளமும் போட்டிருக்கு; டெவலப்பர் பேர் இல்லை. பயமுறுத்தாம, சாப்பிடப் போறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கை கழுவச் சொன்னேன். இப்போ கழுவுறா.

உங்களுக்கும் சில விஷயம். வாரன்டி பில்லை உடனே போட்டோ எடுத்துடுங்க. எண்ணெய், பிவிசி கவர் பட்டா எழுத்து மங்கிடும். சூடான லேமினேஷன் போட்டா முழுசும் கறுத்துடும். தேவையில்லாத பில்லை வாங்காதீங்க.

பீனால் இல்லாத டெவலப்பர்கள் ஏற்கனவே இருக்கு. விலை குறைவா, எழுத்து நிலைக்கிற மாதிரி ஒண்ணு செய்ய இன்னும் இடமிருக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுற கெமிக்கல், டெக்ஸ்டைல் மக்களே, ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான பில் கிழிக்கிற கைகள் உங்களுக்காகக் காத்திருக்கு.