ஐந்தும் ஐந்தும்

என் மகனுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் தவறாமல் கேட்கும் கேள்வி, "மிட்டாய் நிறையத் தின்பானோ?" என்பது. மிட்டாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே பகை என்று பிழையாகக் கொண்டு அழித்துவிடுகிறது. முதல் வகை நீரிழிவு என்பார்கள். மாத்திரைக்கு இதில் வேலை இல்லை. வாழ்நாள் முழுதும் இன்சுலின் ஊசிதான்.

2022 ஆகஸ்டில் அவன் மெலியத் தொடங்கியபோது, வளர்கிற வயது என்றேன். இரவில் நான்கைந்து முறை எழுந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். பெரம்பலூர் வெயில் என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை வாந்தி எடுத்தான். முதல்நாள் தின்ற பரோட்டாவின் மேல் பழியைப் போட்டேன். சனிக்கிழமை மாலை மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்கியது. குனிந்து முகம் பார்த்தபோது அவன் வாயிலிருந்து அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தின் வாடை வந்தது. பல ஆண்டுகளாக வகுப்பறையில் உள்ளுறையும் இறைச்சியும் விளக்கி வருகிறவள் நான். என் வீட்டில், என் கண்முன் இருந்த குறிப்புகளில் ஒன்றுகூட எனக்குப் பிடிபடவில்லை.

அந்த வாடைக்குப் பெயர் கீட்டோன். இன்சுலின் இல்லாத உடலுக்கு இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் அதை எடுத்து எரிக்க வழியில்லை. எனவே கொழுப்பை எரிக்கிறது. எரிந்ததன் மிச்சமான கீட்டோன்கள் இரத்தத்தில் சேர்ந்து அதை அமிலமாக்குகின்றன. கவனிக்காவிட்டால் உயிர் போகும். திருச்சியில் நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். இன்சுலின் ஊசி முதன்முதலில் டொரண்டோவில் 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் போடப்பட்டது என்பதை அங்கே காத்திருந்த நாள்களில்தான் படித்தேன். அம்மருந்து பலித்தது என்பதற்கு மருத்துவர்கள் கண்ட சான்றுகளில் ஒன்று, அவன் சிறுநீரிலிருந்து கீட்டோன் மறைந்தது. நூறாண்டுக்கு முன் பிறந்திருந்தால் என் மகன் இல்லை. இந்த எண்ணம் இன்னும் அவ்வப்போது வந்து போகிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் ஒரு தாளில் இரண்டு செய்திகளை எழுதித் தந்தார். ஒன்று, நாளும் நான்கைந்து முறை விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். மற்றொன்று, காய்ச்சல், வாந்தி, அல்லது சர்க்கரை 250க்கு மேல் இறங்காமல் நிற்கும் நேரங்களில் கீட்டோனும் பார்க்க வேண்டும்.

தாளை எடுத்துக்கொண்டு பழைய பேருந்து நிலையத்தருகே மருந்துக்கடைக்குப் போனேன். சோதனைக்கான அந்தச் சிறு துண்டைத் தமிழில் பட்டை என்று சொல்ல ஆசைதான். பட்டை என்றால் இங்கே பிரியாணிக்குப் போடுவதை எடுத்துத் தருவார்கள். ஸ்ட்ரிப் என்றே கேட்டேன். கடைக்காரர் சிரித்தபடி, "மெஷின சும்மாவே தர்றேன் டீச்சர், ஸ்ட்ரிப்ப மட்டும் எங்கிட்ட வாங்குங்க" என்றார். குளுக்கோமீட்டர் வணிகத்தின் சூத்திரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது.

நான் கௌரவ விரிவுரையாளர். பெயரில் மட்டும் கௌரவம்; ஊதியம் ஆண்டில் பதினோரு மாதத்துக்கு. கணவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒப்பந்தப் பணியாளர். ஆகையால் கடையிலிருந்த துண்டுச்சீட்டின் பின்புறத்திலேயே கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து என்றால் மாதம் நூற்றைம்பது ஸ்ட்ரிப். ஒன்று இருபது ரூபாய் என்றால் மூவாயிரம். பன்னிரண்டு ரூபாய்க்குள் அடங்கும் உள்நாட்டு வகை என்றால் ஆயிரத்து எண்ணூறு. இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்தாலும் வீட்டில் குத்திப் பார்க்கும் ஸ்ட்ரிப் எங்கள் கைக்காசு. கையில் ஒட்டிக்கொண்டு பதினான்கு நாள் தானே சர்க்கரை சொல்லும் சென்சாரையும் விசாரித்தேன். விலையைக் கேட்டதும் விசாரணையை முடித்துக்கொண்டேன்.

மலிவானது பிழையாகக் காட்டுமோ என்ற அச்சம் இருந்தது. மருத்துவமனையில் அக்யூ-செக் பார்த்திருந்தேன். வாங்கியது டாக்டர் மார்பென். முதல் வாரத்தில் ஓர் உறவினரின் விலையுயர்ந்த கருவியைக் கேட்டு வாங்கி, ஒரே துளி இரத்தத்தை இரண்டிலும் வைத்துப் பார்த்தேன். ஒன்று 212 என்றது, மற்றொன்று 231. எது மெய்?

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருவரை நினைத்துக்கொண்டேன். உ.வே.சா. இளமையில் அரியலூரில் சடகோபையங்காரிடம் பாடம் கேட்டவர், குன்னத்தில் வாழ்ந்தவர், செங்கணத்து விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை படித்தவர். பிற்காலத்தில் ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தபோது ஒரு பிரதியை மட்டும் நம்பியவர் அல்லர். எந்தப் பாடபேதம் பொருளை மாற்றுகிறது, எது மாற்றவில்லை என்று பார்த்தவர். 212க்கும் 231க்கும் இடையே ஊசியின் அளவு மாறுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "பெரிய வித்தியாசம் இல்லம்மா" என்றார். பன்னாட்டுத் தர விதியே அவ்வளவு இடம் தருகிறது என்று பிறகு அறிந்தேன். 2013ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 15197 விதிப்படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிவுகள் ஆய்வக மதிப்பிலிருந்து பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால் போதும். உண்மை அளவு 200 என்றால் கருவி 170 காட்டினாலும் 230 காட்டினாலும் குற்றமில்லை. மலிவான கருவியோடு சமாதானமானேன்.

என்னை உண்மையில் ஏமாற்றியது கருவி அன்று, பலாப்பழம். ஒரு மே மாத மாலை 386 என்று காட்டியது. பதறிப்போய் இன்சுலினை எடுத்துவிட்டேன். பையன் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, பண்ருட்டிப் பலா" என்றான். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி குத்தினோம். 142. முதல் எண்ணை நம்பி ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றுவரை என் மாமியாரிடம் சொல்லவில்லை. வெயிலும் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். முப்பது டிகிரிக்கு மேல் வைக்காதே என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது. எங்கள் ஊர்ச் சித்திரையிடம் அதைச் சொல்ல முடியுமா? மின்சாரம் போகும் நாள்களில் இன்சுலினுக்கு ஈர மணலில் வைத்த மண்பானை. ஈரம் ஆகாத ஸ்ட்ரிப்புக்குப் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு, கழகப் பதிப்புகளுக்குப் பின்னால்.

கீட்டோனுக்கு வருகிறேன். தொடக்கத்தில் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்பை வாங்கி வைத்தோம். ஐம்பது கொண்ட டப்பா, சில நூறு ரூபாய். வெளிர் நிறத்திலிருந்து இளஞ்சிவப்பு, பின் ஊதா என்று மாறும். டப்பாவின் மேலிருக்கும் வண்ணப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மலிவு. ஆனால் அதன் குறை ஒரே இரவில் தெரிந்தது.

2023 டிசம்பரில் ஒரு நள்ளிரவு. காய்ச்சல், இருமுறை வாந்தி, சர்க்கரை 340. சிறுநீர் போகச் சொன்னால் போகவில்லை. உடலில் நீர் வற்றியிருந்தது. ஒன்றரை மணி நேரம் குளியலறை வாசலில் நின்றேன். ஒருவழியாக நனைத்துப் பார்த்தால் ஊதா. அடர் ஊதாவா, நடுத்தர ஊதாவா? குழல்விளக்கின் கீழ் கணவருக்கு ஒரு நிறம், எனக்கு ஒரு நிறம். காரை வாடகைக்கு அமர்த்தித் திருச்சிக்கு ஓடினோம். அங்கே விரலில் இரத்தம் எடுத்துக் கீட்டோன் பார்த்தார்கள்: 0.8. ஒரு பாட்டில் சலைன் ஏற்றி விடியலில் அனுப்பினார்கள். வந்தது தவறில்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனால் சிறுநீர்ச் சோதனை, சிறுநீர்ப்பையில் சில மணி நேரமாகத் தேங்கியிருந்த பழைய செய்தியைத்தான் சொல்கிறது என்றும் விளக்கினார். அந்த ஸ்ட்ரிப் காண்பது அசிட்டோஅசிட்டேட் என்ற ஒரு வகையை மட்டும். ஆபத்தான நிலையில் இரத்தத்தில் மிகுவது பீட்டா-ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற மற்றொன்று. நோய் தணியும்போது இது அதுவாக மாறுவதால், பிள்ளை தேறிவரும் நேரத்திலேயே ஊதா அடர்ந்து நம்மைக் கலங்கடிக்கவும் கூடும். எதிர்ப்பக்கமும் உண்டு, நிலைமை முற்றும்போது ஊதா வெளிறியிருக்கலாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனவே இரத்தக் கீட்டோன் பார்க்கும் கருவி தேடினேன். ஆபட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் ஆப்டியம் நியோ சர்க்கரை, கீட்டோன் இரண்டுக்கும் தனித்தனி ஸ்ட்ரிப் கொண்டது. ஒரே கருவி, பத்து நொடியில் கீட்டோன் எண். பெரம்பலூரில் இல்லை, திருச்சியிலிருந்து சொல்லி வரவழைக்க வேண்டியிருந்தது. கருவியின் விலை எங்களைப் பயமுறுத்தவில்லை. கீட்டோன் ஸ்ட்ரிப் ஒன்று நூறு ரூபாய்க்கு மேல். பத்துக்குக் குறைந்து விற்பதில்லை. சர்க்கரைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே என்றார் கடைக்காரர். அதன் சர்க்கரை ஸ்ட்ரிப்பின் விலையை நூற்றைம்பதால் பெருக்கிப் பார்த்துவிட்டு மறுத்தேன். நாளும் புழங்குவதற்கு மலிவுக் கருவி. கீட்டோனுக்கு மட்டும் இது. இரண்டு கருவி வைத்திருப்பது ஊதாரித்தனம் போலத் தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

வாங்கி வந்த அன்று சோதித்துப் பார்த்தோம். 0.3 என்று வந்தது. அருகிலிருந்த மாமனார், "ஏம்மா, புள்ளைக்கு சுகரே இல்லாமப் போச்சே!" என்று அலறி அடுப்படிக்கு ஓடிச் சர்க்கரை டப்பாவோடு வந்தார். சர்க்கரையை மில்லிகிராமில் நூற்றுக்கணக்கிலும் கீட்டோனை மில்லிமோலில் புள்ளி வைத்தும் சொல்லும் வழக்கத்தை அவருக்கு விளக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. 0.6க்குக் கீழே இயல்பு; 1.5ஐத் தாண்டினால் ஆபத்தின் தொடக்கம். 3 என்றால் எதையும் யோசிக்காமல் மருத்துவமனை. பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டினேன். இடையிலுள்ள எண்களுக்கு எவ்வளவு இன்சுலின் என்பது மருத்துவர் தந்த தாளில் இருக்கிறது. அது பிள்ளைக்குப் பிள்ளை மாறும், இங்கே எழுதமாட்டேன்.

முதல் பெட்டியில் ஏழு மாதத்தில் நான்கு செலவாயின. மீதி ஆறும் காலாவதியாயின. சர்க்கரை ஸ்ட்ரிப் எங்கள் வீட்டில் பத்து நாள் தாங்காது, அதன் தேதியை நான் பார்த்ததே இல்லை. கீட்டோன் ஸ்ட்ரிப்போ, பிள்ளை நலமாக இருக்க இருக்க வீணாகும் பொருள். ஆறு உறைகளையும் குப்பையில் போடும்போது மகிழ வேண்டுமா வருந்த வேண்டுமா என்று தெரியவில்லை.

வழி காட்டியவள் திருச்சி மருத்துவமனை வரிசையில் பழக்கமான ஒரு பெண். ஜெயங்கொண்டத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர்; முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை; கொட்டைப் பாலில் கறுத்த விரல்கள். அவள் மகளுக்குப் பதினான்கு வயது, அதே நோய். சீட்டு எடுத்து அதே கருவியை வாங்கியிருந்தாள். "பத்து எதுக்குக்கா? ஆளுக்கு அஞ்சா எடுத்துப்போம்" என்றாள். கீட்டோன் ஸ்ட்ரிப் ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் வருகிறது. உறையிலேயே தேதி அச்சிட்டிருக்கிறது. இந்தக் கருவிக்குப் பெட்டிதோறும் குறியீடு மாற்றும் தொல்லையும் இல்லை. பிரித்துக்கொள்ளத் தடையேதும் இல்லை. இதை எம்.ஏ. படித்த எனக்கு அவள் சொல்ல வேண்டியிருந்தது. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக உழைச்செல்வானைச் சொல்கிறது. அருகிருந்து துணைசெய்பவர் என்று வகுப்பில் உரை சொல்லிப் போவேன். பல கிலோமீட்டருக்கு அப்பாலும் ஒருவர் அருகிருக்கலாம் என்று எந்த உரையாசிரியரும் எழுதியதாக நினைவில்லை.

2024 ஐப்பசியில் அடைமழை இரவொன்றில் மறுபடி காய்ச்சல். சர்க்கரை 318, கீட்டோன் 1.4. தாளில் உள்ளபடி ஊசி, மடக்கு மடக்காகத் தண்ணீர். இரண்டு மணி நேரம் கழித்து 0.9. விடியற்காலை 0.4. மூன்று ஸ்ட்ரிப். வாடகைக் காரும் இல்லை, வண்ணத் தகராறும் இல்லை. ஆறரை மணிக்கு எழுந்து இட்லி கேட்டான்.

அந்தத் தையில் அவளிடமிருந்து தொலைபேசி. மகளுக்கு வயிற்றுவலி என்றுதான் முதலில் நினைத்தாளாம். குத்திப் பார்த்தால் 3.4. நூற்றெட்டுக்குச் சொல்லி அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டாள். "எண்ணச் சொன்னேங்க்கா, உடனே உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள். நான் கல்லூரி முடிந்து நேரே அங்கே போனேன். மகள் கண் விழித்திருந்தாள். என்னிடம் மிச்சமிருந்த இரண்டு உறைகளை அவள் கையில் வைத்தபோது, "உங்களுக்கு?" என்று கேட்டாள்.

நான்காம் நாள் வீடு திரும்பினார்கள். அடுத்த பெட்டி வாங்குவது அவள் முறை. தேதி குறைந்தது ஓராண்டாவது தள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.