அண்டா அடங்கும் நேரம்

விடியற்காலை நான்கு மணி. தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபம். மேலே மணவறைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தளச் சமையற்கூடத்தில் பாய்லர் ஆபரேட்டர் அண்ணன் சாம்பார் அண்டாவின் அடியில் காதை வைத்து நின்றார். இருபது ஆண்டு அனுபவம், இரண்டாம் வகுப்புச் சான்றிதழ்.

“டொக்கு டொக்குனு தட்டினா, உள்ள தண்ணி நிக்குதுன்னு அர்த்தம் சார்.”

அண்டாவுக்கு இரட்டைச் சுவர். இடையில் புகும் நீராவி, சூட்டைச் சாம்பாருக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகிறது. ஏறக்குறைய காய்ச்சி வடித்த நீர். சூடு 100 டிகிரியை ஒட்டி. இட்லிப் பெட்டிக்குப் போகும் நீராவி மாவோடு கலந்துவிடுவதால் அது திரும்பாது. அண்டாத் தண்ணீரை மட்டுமே பாய்லர் தொட்டிக்குக் கொண்டுபோகலாம். தொட்டி நீரில் 6 டிகிரி ஏறினால் எரிபொருளில் சுமார் ஒரு சதவீதம் மிச்சம் என்பது பாய்லர்காரர்களின் கணக்கு. ஏரிகள் வறண்ட 2019 கோடையைக் கண்ட சென்னையில், அந்த நீரைச் சாக்கடையில் விட யாருக்கு மனம் வரும்?

தொட்டி கீழே இருந்தால் சரிவாகக் குழாய் போட்டாலே போதும், நீர் தானாக ஓடிவிடும். இங்கே தொட்டியோ ஏழு மீட்டர் உயரத்தில். முதலில் நீராவியின் அழுத்தத்தையே நம்பினார்கள். ஒரு பார் அழுத்தம் சுமார் 10 மீட்டர் தூக்கும், கணக்கு சரிதான். ஆனால் சாம்பார் கொதித்ததும் சமையல் மாஸ்டர் நீராவி வால்வைக் குறைப்பார். அழுத்தம் 0.3 பாருக்கு இறங்கும். ஏழு மீட்டர் ஏற 0.7 வேண்டும். தண்ணீர் ஏறாமல் அண்டாவின் சுவருக்குள்ளேயே தங்கும், அடுத்த கொதிக்கு நேரம் பிடிக்கும், குழாய் அதிரும்.

அடுத்து மின்சார பம்பு. கொதிநிலையில் இருக்கும் நீரை உறிஞ்சும்போது அது பம்புக்குள்ளேயே ஆவியாகிக் குமிழிட்டு உடையும். இம்பெல்லர் கூழாங்கல் பட்டதுபோல் அரிபட்டுப் போனது.

இப்போது அண்டாக்களுக்குக் கீழே, குழிக்குள் ஒரு சேமிப்புக் கலம். நீர் சரிவில் இறங்கி அதில் சேர்கிறது. கலத்தை அடுத்து, நீராவியால் இயங்கும் பம்பு. அதற்குள் நீர் நிறைந்ததும் மிதவை எழும்பி நீராவி வால்வைத் திறக்கிறது; நீராவி நீரை மேலே தள்ளுகிறது. மின்சாரம் வேண்டாம். அண்டாவின் அழுத்தம் எவ்வளவு குறைந்தாலும் நீர் இறங்கிவிடுகிறது.

அண்ணன் கையடக்கக் கருவியால் திரும்பிவரும் நீரின் உப்பைச் சோதித்தார். அண்டாவில் ஓட்டை விழுந்தால் சாம்பார் கலந்து பாய்லரில் நுரைகட்டும். அன்று நீரைத் திருப்பக்கூடாது. பிறகு தொட்டி வெப்பமானியைக் காட்டினார். 30-இல் நின்ற முள் 54-இல். நான்கு சதவீத எரிபொருள்.

முன்பு குழாய் போட வந்தவர்கள் அண்டா தளதளவென்று கொதிக்கும் நேரம் பார்த்து அளந்து போனார்களாம்.

“கொதிக்கறப்ப எல்லாம் ஒழுங்காத்தான் ஓடும் சார். சாம்பார் அடங்கி, இறக்கப் போற நேரத்துல வந்து பாக்கணும்” என்றார்.

மாஸ்டர் வால்வைக் குறைத்தார். அண்ணன் மறுபடி குனிந்து காதை வைத்தார். தட்டும் சத்தம் இல்லை.