வருகைப் பதிவேட்டில் ஏறாத நேரம்

கோவை மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று நடத்தும் நாப்கின் கூடம் அது. பாப்பநாயக்கன்புதூர் அருணாசலம் முருகானந்தம் உருவாக்கிய முறைதான் இங்கும். மரக்கூழ் அட்டையை அரைத்தால் பஞ்சாக உதிர்கிறது. அதை அச்சில் நிரப்பி அழுத்தினால் பட்டையாகிறது. மெல்லிய துணி சுற்றி, விளிம்பைச் சூட்டில் ஒட்டி, புற ஊதா விளக்கடியில் வைத்து எடுக்கிறார்கள். மூக்கைத் துணியால் கட்டியிருந்தாலும் புருவமெல்லாம் பஞ்சு. எந்திரம் செய்யாத வேலை அச்சடியில் இருக்கிறது: பஞ்சை விரலால் ஓரம்வரை தள்ளிச் சமப்படுத்துவது. “நடுவுல மட்டும் கனமா இருந்தா பத்தாதுங்க. பின்னால மெலிஞ்சு போச்சுன்னா புள்ளைங்க பெஞ்ச விட்டு எந்திரிக்காதுங்க” என்கிறார் அங்கே நிற்கும் அக்கா.

நாப்கின் கொடுத்தால் மாணவிகளின் வருகை கூடுமா என்றுதான் நாம் வழக்கமாகக் கேட்கிறோம். அந்தக் கேள்வியை நம்பி இந்த வேலைக்கு நியாயம் சொல்லக் கூடாது. நேபாளத்தின் சித்வன் பகுதியில் 198 மாணவிகளை வைத்து எமிலி ஆஸ்டரும் ரெபெக்கா தார்ன்டனும் நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. மாதவிடாயால் மாணவிகள் இழந்தது ஆண்டுக்கு அரை நாளுக்கும் குறைவு. மாதவிடாய்க் கோப்பை கொடுத்தும் வருகை மாறவில்லை. அப்படியானால் எதற்கு இந்தச் செலவு என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே ஆய்வில், கோப்பை பயன்படுத்தியவர்களுக்குத் துணி துவைக்கும் நேரம் குறைந்தது. பதிவேட்டில் அது ஏறவில்லை. கரும்பலகைக்கு எழுந்து போகாமல், தண்ணீர் குடிக்காமல், மாலை மணிவரை பெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெண்ணும் பதிவேட்டில் ‘வந்தவள்’தான். பள்ளியில் இருப்பது வேறு, பாடத்தில் இருப்பது வேறு; அச்சடி அக்காவின் அளவுகோல் இரண்டாவதைப் பிடித்துவிடுகிறது.

தமிழக அரசுதான் ‘புதுயுகம்’ திட்டத்தில் 2012 முதல் நாப்கினை இலவசமாகத் தருகிறதே, சிறு கூடங்கள் எதற்கு? ஆண்டுக்கு 18 பொட்டலம், பொட்டலத்துக்கு ஆறு. மாதத்துக்கு ஒன்பதுதான் வரும். ஐந்து நாள், நாளுக்கு மூன்று என்றாலே பதினைந்து வேண்டும். அந்தக் குறையைச் சமாளிக்கத்தான் மாணவிகள் ஒன்றையே காலையிலிருந்து மாலைவரை வைத்துக்கொள்கிறார்கள். மீதி ஆறை மலிவாகக் கொடுக்க உள்ளூர்க் கூடத்தால் முடியும். கைவேலையில் தரம் ஏறி இறங்கும் என்பது சரியான ஆட்சேபம்தான். அதற்காகக் கூடத்தை மூடச் சொல்வதைவிட, ஐ.எஸ். 5405 தரநிலைப்படி சோதித்துக் கொடுக்கும் செலவை அரசு ஏற்கலாம்.

மாற்றுவதற்குப் பள்ளியில் இடம் இருக்கிறதா என்பது தனிக் கதை. தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லாத கழிவறைக்கு எத்தனை நாப்கின் கொடுத்து என்ன? பயன்படுத்தியதைப் போடக் கூடை வைத்தால் மட்டும் போதாது, அதை அன்றன்றைக்கு எடுக்க ஆள் வேண்டும். அந்தத் துப்புரவுப் பணியாளரின் கையுறையையும் கூடுதல் கூலியையும் நாப்கின் விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.