மூக்கோட தரை எங்க இருக்கு? (த்ரெட்)

1/ பாரிவாக்கத்துல அக்கா வீட்டுல தங்கினா ராத்திரி தூக்கம் வராது. ஆவடி ரோட்டு லாரி சத்தத்தைவிட அக்கா பையனோட குறட்டைதான் பெரிசு. வயசு 10. "வாயைத் திறந்துட்டே தூங்கறான்டா"ன்னு அக்கா ரெண்டு வருஷமா சொன்னாங்க. "தூசி அலர்ஜிக்கா"ன்னு நானும் மாத்திரை எழுதிக் கொடுத்துட்டே இருந்தேன்.

2/ ஓபியில தினமும் குழந்தைங்க வாயில டார்ச் அடிச்சுப் பார்க்கறேன். கண்ணு நேரா டான்சிலுக்குப் போயிடும். மேலண்ணத்தைக் கவனிச்சதே இல்லை. பையனுக்குச் சொத்தைப் பல்லுன்னு போனப்போ பல் டாக்டர்தான் காட்டினாங்க. அண்ணம் குறுகி, மேலே குழிஞ்சிருக்கு. மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்பக்கமா விழுது.

3/ முதல் வருஷம் படிச்ச அனாட்டமிதான். அண்ணம் வாய்க்குக் கூரை, மூக்குக்கு அதுவே தரை. அது குறுகினா மூக்குக்கும் இடம் குறையும்.

4/ இந்த அண்ணம் இடம், வலம்னு ரெண்டு பாதி. நடுவுல ஒரு தையல் கோடு. வளர்ற வயசுல அது இறுகியிருக்காது. மேல் பற்கள்ல ஸ்க்ரூ வச்ச கருவியைப் பொருத்தி, சாவியால ஒரு தடவை திருப்பினா சுமார் கால் மில்லிமீட்டர் விரியும். தினம் ஒண்ணு ரெண்டு திருப்பு, சில வாரம். அப்புறம் நடுவுல புது எலும்பு வளரணும், அதுக்காகச் சில மாசம் கருவி அப்படியே இருக்கும். புதுசு இல்லை. 1860லயே அமெரிக்காவுல எமர்சன் ஏஞ்சல்ங்கற பல் டாக்டர் 14 வயசுப் பொண்ணுக்குச் செஞ்சு எழுதியிருக்கார்.

5/ ஒரு ராத்திரி அக்கா போன். "டேய், முன்பல்லு ரெண்டும் பிரிஞ்சு சந்து விழுந்துடுச்சுடா!" எனக்கும் பகீர்னு ஆயிடுச்சு. பல் டாக்டர்கிட்ட கேட்டா சிரிக்கறாங்க. தையல் திறந்ததுக்கு அடையாளமே அதுதானாம். பெரும்பாலும் தானா நெருங்கிடும்.

6/ மூச்சு சரியாச்சான்னு கேட்பீங்க. வாய்ப்பக்கம் விரியற அளவுக்கு மூக்குப்பக்கம் விரியாது. சிலருக்கு நல்ல பலன், சிலருக்கு வித்தியாசமே தெரியாது. எங்க பையனுக்குக் குறட்டை குறைஞ்சிருக்கு, ஆனா மூக்கு ஸ்ப்ரே இன்னும் தொடருது. அதனால வெறும் மூக்கடைப்புக்காக இதைச் செய்யக்கூடாது. அண்ணம் நிஜமாவே குறுகியிருக்கணும். முதல்ல ஈஎன்டி டாக்டர் அடினாய்டு, அலர்ஜி ரெண்டையும் பார்க்கணும்.

7/ எனக்கு 34. கண்ணாடியில பார்த்தேன், அதே அண்ணம். நானும் வாய் திறந்து தூங்கற ஆள்தான். பதின்வயசு முடியறதுக்குள்ள பலருக்குத் தையல் இறுகிடும். என் வயசுல எலும்புலயே ஸ்க்ரூ பதிக்கணும், இல்லேன்னா ஆபரேஷன். சின்ன வயசுல எனக்கு யாரும் பார்க்கலை. அவனுக்கு ரெண்டு வருஷம் நானே பார்க்கலை.

8/ இன்னிக்கு ராத்திரி உங்க குழந்தை தூங்கறதைக் கொஞ்ச நேரம் பாருங்க. தினமும் வாய் திறந்து குறட்டை விட்டா, "சளிதான்"னு விட்டுடாதீங்க. செலவு பயமா இருந்தா, கோட்டை ரயில் நிலையம் பக்கத்துல தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. பல் சீரமைப்புப் பிரிவுன்னு கேளுங்க.